மேய்ச்சல் காட்டை எடை போட்டுப் பார்த்த இரண்டு வருடம்

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. வரப்போரம் பனைமரம், நடுவில் கொழுக்கட்டைப் புல், ஒரு மூலையில் நாலைந்து வெள்வேல மரம். எனக்குக் கோவையில் வேலை. விடியற்காலையும் ஞாயிற்றுக்கிழமையும்தான் மாடு கன்றோடு இருக்க முடிகிறது. பகலில் அம்மா பார்த்துக்கொள்கிறார். ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்று, அதன் கிடாரிக் கன்று, வெள்ளாடு ஒன்பது. அவ்வளவுதான் எங்கள் பட்டி.

முதல் வருடம் தை மாதம் அம்மா சொன்ன ஒரு வார்த்தையில்தான் இதெல்லாம் தொடங்கியது. "நல்லாத்தான் மேயுது, வயிறும் ரொம்பித்தான் வருது. ஆனா தேறலியே கண்ணு." காட்டில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. மாட்டுக்கோ விலா எலும்பு தெரிகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை.

கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு டேப் எடுத்தேன். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளமும் எடுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வந்துவிடும். ஐப்பசியில் விளையாட்டாக எடுத்து வைத்திருந்த நெஞ்சளவு 67, நீளம் 54. அதாவது 367 கிலோ. தை கடைசியில் நெஞ்சு 64. கணக்குப் போட்டால் 335. மூன்று மாதத்தில் 32 கிலோ போயிருந்தது, அதுவும் புல் நிறைந்த காட்டில்.

கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். காய்ந்து முற்றிய புல்லில் புரதம் 3, 4 சதவீதம்தான் இருக்கும் என்றார். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்க வைக்கின்றன. தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றுக்குத் தழைச்சத்து போதாமல் வேலை மந்தமாகிவிடும். தின்ற புல் கரையாமல் வயிற்றிலேயே கிடக்கும், அடுத்த வாய்க்கு இடம் இருக்காது. அம்மா பார்த்த நிறைந்த வயிறு அதுதான். மாடு பசியாறி வரவில்லை, வயிறு அடைத்து வந்திருக்கிறது. இது புரிந்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கிலோ புல் அறுத்து, வெயிலில் மொறமொறவென்று காய வைத்து நிறுக்க ஆரம்பித்தேன். ஆனி மாதப் புல் காய்ந்ததும் 190 கிராம். புரட்டாசியில் பூ எட்டிப் பார்த்த புல் 290. நின்ற நிலையிலேயே காய்ந்த தை மாதப் புல் 850. ஆனியில் மேய்வதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இந்த எடையுள்ள மாட்டுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் போக 9 கிலோ உலர்ந்த சரக்காவது உள்ளே போக வேண்டும். ஆனிப் புல்லிலேயே அதை எடுக்க வேண்டுமென்றால் 45 கிலோவுக்கு மேல் மேய வேண்டும். ஐந்து மணி நேர மேய்ச்சலில் அது நடக்காது. ஆக, பச்சையாக இருக்கும்போது உலர்ந்த சரக்கு பற்றாது, காய்ந்திருக்கும்போது புரதம் பற்றாது.

ஆனியில் இன்னொன்றும் நடந்தது. மழை பிடித்து இளம் புல் கிளம்பியதும் சாணம் தண்ணீராகப் போக, சொசைட்டியில் பாலின் கொழுப்பு 4.2-லிருந்து 3.4-க்கு இறங்கிவிட்டது. நார் குறைந்தால் கொழுப்பு குறையும். அது சரி, திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதே வாரம் நான்கு மாதக் குட்டி ஒன்றை இழந்தோம். சாயங்காலம் நன்றாக மேய்ந்து வந்தது, விடியும்போது இல்லை. துள்ளுமாரி நோய். குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி, வெறும் வயிற்றில் திடீரென்று இளம் புல் நிறையப் போனதும் பெருகி நஞ்சைக் கக்கிவிடுமாம். கொழுத்த குட்டிதான் முதலில் போகும் என்பார்கள். எங்கள் பட்டியிலும் அதுதான் நல்ல குட்டி. மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். தெரியாமல் விட்டுவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாம் வருடம் வைகாசிக்கு முன்பே எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. காலையில் ஒரு பிடி கடலைக்கொடி தின்ற பிறகு, பனி உலர்ந்து ஒன்பது மணிக்குமேல்தான் பட்டியைத் திறக்கிறோம். முதல் வாரம் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். மாட்டுக்கு மேயப் போகும் முன் 2 கிலோ வைக்கோல். கொழுப்பு 3.9-க்குக் கீழே இறங்கவில்லை.

புரட்டாசியில் மழை விட்ட நான்கு நாளைப் பயன்படுத்திக்கொண்டேன். அரை ஏக்கர் புல்லைப் பூக்கும் தறுவாயில் அறுத்து, திருப்பிப் போட்டுக் காயவைத்து அட்டாலியில், அதாவது பரணில், ஏற்றிவிட்டேன். தையில் பிரித்தபோதுகூடப் பச்சை வாசம் இருந்தது. பக்கத்துக் காட்டில் கடலை பிடுங்கியபோது கொடியையும் கேட்டு வாங்கி, நனையாமல் அடுக்கி வைத்தோம். இலை உதிராமல் காய்ந்த கடலைக்கொடியைப் போல எங்கள் பக்கம் கைக்கு எட்டும் நல்ல தீவனம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

கார்த்திகைக்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கீழைக்காற்று அடிக்க ஆரம்பித்தால் பத்து நாளில் காடு வெளுத்துவிடும். வயிற்று நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து கிடைக்கட்டும் என்று, இந்த முறை அதற்குள் யூரியா வைக்கோல் தயார். 50 கிலோ வைக்கோலுக்கு 2 கிலோ யூரியா, 30 லிட்டர் தண்ணீர். யூரியா ஒரு கட்டிகூட இல்லாமல் கரைந்த பிறகே தெளிக்க வேண்டும். ஒரு அடுக்கு வைக்கோல், மேலே தெளிப்பு, காலால் நன்றாக மிதி, அடுத்த அடுக்கு. முழுவதும் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தேன். பிரித்ததும் கண் எரிந்தது, நவச்சார நெடி. வைக்கோல் பழுப்பேறி மிருதுவாகியிருந்தது. தினமும் வேண்டியதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட விரித்த பிறகே போடுகிறோம். முதல் நாள் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சாதா வைக்கோலில் கால் பங்கு கலந்து கொடுத்தோம், ஆறாம் நாள் முழுசாகத் தின்றது.

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. யூரியா அளவு மீறினால் மாட்டைக் கொல்லும். கரைத்த தண்ணீரை மாடு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், குடிதண்ணீரில் கலக்கவே கலக்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்த வைக்கோல் ஆகாது. எங்கள் கிடாரிக்கு அப்போது ஐந்து மாதம்தான், அதனால் அதை வேறு பக்கம் கட்டிவிட்டோம்.

இதோடு கடலைப் பிண்ணாக்கு ஒரு கிலோ, தவிடு, தாது உப்புக் கலவை 50 கிராம். தை கடைசியில் டேப் வைத்தபோது அம்மாவும் கூட வந்து நின்றார். 66. ஐப்பசியில் இரண்டாம் வருடமும் 67 இருந்ததால் 11 கிலோதான் குறைவு. பாலும் நிற்கவில்லை. அம்மா மாட்டின் கழுத்தைத் தடவிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் காட்டப் போனார்.

ஆடுகளுக்கு யூரியா வைக்கோல் கொடுக்கவில்லை. அவற்றுக்குத் தழைதான் பிடிக்கிறது. வெள்வேலக் காயும் சவுண்டல் (சூபாபுல்) தழையும் கொடுத்தேன். சவுண்டலில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் உண்டு என்பதால், மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடவில்லை. தண்ணீரில் மிதந்து வளரும் தீவனப் பாசியான அசோலாவுக்குத் தொட்டியும் போட்டிருந்தேன். மாசி வரை நன்றாக வந்தது, பங்குனி வெயிலில் சிவந்து கருகிவிட்டது. மறுபடி போட்டால் புளியமரத்து நிழலில்தான்.

இப்போது சித்திரை. அட்டாலியில் இன்னும் பத்துக் கட்டு கடலைக்கொடி மிச்சம் இருக்கிறது. வேலியோரம் விதைக்க வேலிமசால் என்ற தீவனச் செடி விதை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடுகளுக்குத் துள்ளுமாரி ஊசி.