வெள்ளிக் காசில் நிறம்: தானாக ஏறியதா, ஏற்றியதா?

ஆன்லைனில் வெள்ளிக் காசு தேடும்போது கண்ணை முதலில் இழுப்பது நிறம்தான். நீலமும் மெஜந்தாவும் பொன்மஞ்சளும் ஓடும் மார்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி டாலர்), அதே தரத்தில் உள்ள, நிறம் ஏறாத வெள்ளைக் காசைவிடப் பல மடங்கு விலைக்குப் போகும். அந்த விலைக்காகவே கந்தகக் கலவையிலோ சூட்டிலோ வைத்து நிறம் ஏற்றி விற்கிறார்கள். வாங்குவதற்கு முன்பும் வாங்கிய பின்பும் நான் பார்க்கும் விஷயங்களை, பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் நிறம் எப்படி வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். டோனிங் என்று சொல்லப்படும் இந்த நிறம் சாயம் இல்லை. காற்றிலும் காகித உறையிலும் ஆல்பம் அட்டையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு, காசின் மேல் வெள்ளி சல்பைடு மெல்லிய படலமாகப் படிகிறது. படலத்தின் மேலே பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் குறுக்கிடுவதால் நிறம் தெரிகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரே ஒழுங்கில்தான் மாறும்: இளமஞ்சள், பொன், செம்பழுப்பு, மெஜந்தா, நீலம், வெளிர்நீலம். அதற்கு மேல் இரண்டாம் சுற்றாக மறுபடி மஞ்சள், மெஜந்தா, பச்சை. கடைசியில் சாம்பலும் கருப்பும்.

இந்த வரிசை மனப்பாடமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிறமில்லாத வெள்ளிப் பரப்பிலிருந்து நீலப் பட்டைக்குப் போகும் வழியில் மஞ்சளும் மெஜந்தாவும் இருந்தே ஆக வேண்டும், மயிரிழை அகலத்திலாவது. பச்சை முதல் சுற்றில் வராத நிறம். வெறும் வெள்ளியை ஒட்டியே திட்டுத் திட்டாகப் பச்சையோ கருநீலமோ நின்றால் நான் அந்தக் காசை விட்டுவிடுவேன். வேகமாக ஏற்றிய நிறத்தில் இடைப்பட்ட பட்டைகள் நசுங்கிப்போகும், அல்லது திரவம் வழிந்த தடம் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: எல்லைக்கோடு கூர்மையாக இருப்பதாலேயே போலி என்று முடிவு கட்டக் கூடாது. துணிப்பைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த மார்கன் டாலர்களில், பக்கத்துக் காசு மறைத்த இடம் பிறை வடிவில் பளிச்சென்று பிரிந்து நிற்கும். அங்கேயும் பிறையின் ஓரத்தில் நிறங்கள் வரிசை தப்பாது.

அடுத்தது எழுத்துகளின் ஓரம். விற்பவர் தந்த படத்தைப் பெரிதாக்கி, எழுத்தோ நட்சத்திரமோ தரையை, அதாவது காசின் சமதளப் பரப்பை, தொடும் இடத்தைப் பாருங்கள். தானாக நிறம் ஏறிய காசில் பெரும்பாலும் எழுத்தைச் சுற்றிப் படலம் பின்தங்கியிருக்கும். தரை நீலமாக இருந்தால் எழுத்தை ஒட்டி மெஜந்தாவும் அதற்குள் பொன்னிறமும் மெல்லிய வளையமாகத் தெரியும். அச்சடிக்கும்போது அந்த ஓரத்தில் உலோகம் ஓடிய விதம் வேறு என்பதால் படலமும் வேறு வேகத்தில் வளர்கிறது. ஏற்றிய நிறம் எழுத்து, தரை என்ற பேதமே இல்லாமல் ஒரே பூச்சாக ஏறி இறங்கிப் போகும். இந்த வளையம் இல்லாத நல்ல காசுகளும் உண்டு. ஆனால் அது தெளிவாக இருக்கும் காசில் எனக்குச் சந்தேகம் வெகுவாகக் குறையும்.

படத்தை நம்பும் முன் அதன் பின்னணியைப் பாருங்கள். வெள்ளைத் தாள் இளஞ்சிவப்பாகவோ, காசைப் பிடித்த விரல் ஆரஞ்சாகவோ தெரிந்தால் நிறச்செறிவைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரே விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சாய்க்கும் வீடியோ கேளுங்கள். அச்சடித்த மினுக்கம் குலையாத காசில் ஒளிப்பட்டை நிறத்துக்கு அடியிலேயே சக்கரம்போல் சுழன்று வரும். மினுக்கம் சுழலாமல் நிறம் மட்டும் மேலே மிதந்தால், முன்பே கழுவித் தேய்த்த காசின் மேல் நிறம் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். கீறல்களை மறைக்க இது வசதியான வழி. புழங்கித் தேய்ந்த காசில் வானவில் நிறம் பளபளத்தால் கூடுதல் சந்தேகம் வேண்டும். மினுக்கம் போன காசு பொதுவாகச் சாம்பலாகும், பள்ளங்களில் கருக்கும்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். அண்மையில் கந்தகம் ஏற்றிய காசில் அழுகிய முட்டை வாடை வருவதுண்டு. பிறகு எடை, விட்டம். மார்கன் டாலர் என்றால் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர்; காசே போலியாக இருந்தால் நிறத்தைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. அதன்பின் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே மேசை விளக்கின் கீழ் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நிறத்துக்கு அடியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தேய்த்துக் கழுவியதன் அடையாளம். பலர் மறந்துவிடும் இடம் காசின் பக்கவாட்டு விளிம்பு. ஆல்பத்தில் இருந்த காசில் நிறம் ஓரத்தில் அடர்ந்து நடுவை நோக்கி வளையம் வளையமாக வெளிறும். உறையில் இருந்ததில் ஒரு பக்கம் மற்றதைவிட அடர்ந்திருக்கும். இரு முகமும் விளிம்பும் ஒரே அடர்த்தியில் இருந்தால் காசை எதிலோ முக்கியெடுத்திருக்கிறார்கள் என்றே நினைப்பேன்.

அசிட்டோனைத் தொடுவது, காசைத் திருப்பி அனுப்புவதில்லை என்று முடிவான பிறகுதான். இல்லாவிட்டால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கலாம். சுத்தமான அசிட்டோன் வேண்டும், நகப்பூச்சு நீக்கி உதவாது. கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பு கூடாது. சில நிமிடம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் அலசி, தேய்க்காமல் காற்றில் உலர விடுங்கள். மை, வார்னிஷ், பிவிசி பிளாஸ்டிக் உறையின் பச்சைப் பிசுக்கு எல்லாம் கரைந்து வரும். சல்பைடு கரையாது. ஆகவே நிறம் கழன்றால் அது பூச்சு; கழலாவிட்டால் இயற்கை என்று ஆகிவிடாது, ஏனென்றால் கந்தகம் வைத்து ஏற்றியதும் சல்பைடுதான். வெள்ளியின் கருமையை நீக்க விற்கும் டிப் திரவத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். அது படலத்தோடு காசின் மேற்பரப்பையும் அரிக்கும்.

விலை அதிகமென்றால் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற தரம்பிரிக்கும் நிறுவனங்களின் ஸ்லாபில் (சோதித்த காசை மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில்) உள்ளதை வாங்குவதே நல்லது. செயற்கை நிறம் என்று சந்தேகப்பட்டால் அவர்கள் எண் தரம் தருவதில்லை. பிசிஜிஎஸ்ஸில் அதற்கு 91 என்ற குறியீடு உண்டு. போலி ஸ்லாபும் வருகிறது. சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் நிறத்தைவிடக் காசின் தனிக் கீறல்களும் தழும்புகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நிறம் ஸ்லாபுக்குள்ளேயும் மெல்ல மாறக்கூடும்.