கிளம்பும் முன் ஒரு காலை

வசந்தம் தொடங்கியதும் ஈரநிலச் சரணாலயத்துக்குப் போகிறவர்களில் பலர் புதிதாக வந்து இறங்கிய பறவையைத்தான் தேடுவார்கள். எனக்கு அந்தப் பருவத்தில் பிடித்தவை பழைய பறவைகள். குளிர்காலம் முழுக்க அதே சேற்றில் நின்றவை, பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவை. அவை இப்போது மாறிக்கொண்டிருக்கும். இன்னும் சில வாரங்களில் கிளம்பிவிடும்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏரியின் கிழக்குக் கரையில் பலகை அடித்த மறைவிடம் ஒன்று உண்டு. காலையில் அங்கே உட்கார்ந்தால் வெயில் முதுகுப் பக்கம் விழும். பறவையின் நிறம் உள்ளபடி தெரியும். எதிர்க்கரையில் உட்கார்ந்தால் அதே பறவைகள் வெறும் கறுப்பு உருவங்கள்தான். முதல்முறை வருகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: எந்த பைனாகுலர் என்று கேட்பதற்கு முன்னால் வெயில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

நாணலுக்குள் ஒரு கதிர்க்குருவி முகம் காட்டாமல் கத்திக்கொண்டே இருந்தது. நாமக்கோழிகள் இரண்டு தண்ணீரில் மல்லாந்து காலால் உதைத்துக்கொண்டன. நீலச்சிறகி வாத்துகளில் ஆண்களுக்கு வெள்ளைப் புருவம் முழுதாக வந்துவிட்டிருந்தது; குளிர்காலத்தில் இவற்றைப் பெண் பறவைகளிலிருந்து பிரித்துச் சொல்ல நான் திண்டாடுவேன். இவற்றையெல்லாம் வேகமாகத்தான் பார்த்தேன். என் கண் போனது சேற்றுத் திட்டில் நின்ற, நீண்ட அலகுள்ள கருவால் மூக்கன் கூட்டத்தின் மேல்.

தொலைநோக்கியை முக்காலியில் வைத்து அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, அதுக்கு ஏன் கழுத்துல மட்டும் அழுக்கு ஒட்டியிருக்கு?"

"அழுக்கு இல்லம்மா. புது இறகு வருது."

கூட்டத்தில் சிலவற்றின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. சிலவற்றில் சாம்பல் இறகுக்கு நடுவே அங்கங்கே செம்புள்ளிகள். இன்னும் சில, குளிர்காலத்தில் பார்த்த அதே சாம்பல். பறவை நூல்களில் பெரும்பாலும் இரண்டு படங்கள் இருக்கும்: குளிர்காலத் தோற்றம், இனப்பெருக்கத் தோற்றம். நடுவில் இருக்கிற இந்தத் திட்டுத்திட்டான நாட்களை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். எனக்கு அந்த முழுச் சிவப்பைவிட இந்த அரைகுறைச் சிவப்புதான் அழகு.

இறகு மாற வேண்டிய நேரம் பறவைக்கு எப்படித் தெரியும் என்பது அவளுடைய அடுத்த கேள்வி. வெயில் சூடு ஏறுவதாலா? சூட்டைவிடப் பகலின் நீளம்தான் முக்கியமான சைகை. 1920களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்பவர் ஜங்கோ எனும் சிறு குருவிகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்து, உறைபனிக் காலத்தில் மின்விளக்கு போட்டுப் பகலை நீட்டிக்கொண்டே போனார். நடுக்கும் குளிரிலும் அவற்றின் இனப்பெருக்கச் சுரப்பிகள் வசந்தத்தில் வளர்வதுபோல வளர்ந்தன. பறவைகள் இந்த வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் புகும் ஒளியையும் அங்குள்ள செல்கள் உணர்கின்றன. இதைச் சொன்னதும் அவள் தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூக்கன்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தன. நீண்ட அலகு தையல் மிஷின் ஊசியாகச் சேற்றுக்குள் இறங்கி ஏறியது. உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. எனக்கு அதுதான் ஆச்சரியம். அலகின் நுனியில் உணர்வு நரம்புகள் நெருக்கமாக உள்ளன. அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் சேற்றுக்கடியில் விரித்துப் புழுவைக் கவ்வ முடியும். கண்ணுக்கு வேலையே இல்லை. அதனால் இரவிலும் மேய்கின்றன.

இந்தச் சாப்பாடு பயணத்துக்கானது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பட்டைவால் மூக்கன், அறிந்தவரை மிக நீண்ட தூரம் இடைநில்லாமல் பறக்கிற பறவை. 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஓர் இளம்பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை 11 நாட்களில் கடந்தது. வழியில் கடல்தான்; உட்காரவோ உண்ணவோ இடமில்லை. அலாஸ்காவில் ரேடார் குவிமாடத்தில் மோதி இறந்த இதே இனத்துப் பறவைகளை ஆராய்ந்து பறவை ஆய்வாளர்கள் தியூனிஸ் பியர்ஸ்மாவும் ராபர்ட் கில்லும் 1998இல் எழுதியது இன்னும் வியப்பானது: உடல் எடையில் ஏறத்தாழ 55 சதவீதம் கொழுப்பு, இரைப்பை, குடல், கல்லீரல் போன்றவை மிகச் சிறியவை. வழியில் பயன்படாத சுமையை உடம்பே குறைத்துக்கொண்டது.

கொசு உள்ளான் எனும் சிறு சேற்றுப்பறவையின் எடை சாதாரண நாட்களில் 20 முதல் 30 கிராம்தான். அதுவும் ஆர்க்டிக் தூந்திரம் வரை போக வேண்டும். எங்கள் எதிரில் சேற்று விளிம்பில் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒருவர் பெரிய கேமராவோடு பாதையை விட்டு இறங்கிச் சேற்றுக்குள் நடந்தார். மொத்தக் கூட்டமும் எழும்பியது. பறக்கும் பறவைக் கூட்டம் வெயிலில் திரும்பும்போது வெள்ளையாக மின்னும். படம் நன்றாக வந்திருக்கும். ஆனால் அவை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அவர் மறுபடி நெருங்க மறுபடி எழும்பி, கடைசியில் தூரத்துத் திட்டுக்குப் போய்விட்டன. எனக்குக் கோபம் வந்தது. வசந்தத்தில் ஒரு பறவையைக் கிளப்புவதும் குளிர்காலத்தில் கிளப்புவதும் ஒன்றல்ல. இப்போது அது சேர்த்து வைப்பது பயணத்துக்கான எரிபொருள். ஒவ்வொரு வீண் பறத்தலும் அதில் கைவைக்கிறது. மேயும் நேரமும் போய்விடுகிறது.

"இங்கே இல்லாவிட்டால் வேறு இடத்துக்குப் போகும்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தை 33 கி.மீ. நீளக் கடற்சுவர் கட்டி 2006இல் அடைத்தார்கள். அங்கே இறங்கி இரையெடுத்துவந்த கிரேட் நாட் எனும் உள்ளான்கள் பக்கத்துக் கழிமுகங்களுக்கு இடம் மாறிவிடவில்லை. உலக அளவிலேயே அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. வழியில் ஒரு சேற்றுவெளி போனால், அதை நம்பிக் கிளம்பிய பறவை போய்விடுகிறது.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பேடை உள்ளான் மட்டும் பக்கத்தில் வந்து மேய்ந்தது. பேடை என்பது இனத்தின் பெயரில் மட்டும்தான்; இது ஆண் பறவை. மார்பில் கறுப்பு இறகுகள் வரிவரியாக எட்டிப் பார்த்தன. வடக்கே போய்ச் சேரும்போது கழுத்தைச் சுற்றிப் பெரிய இறகு வளையமும் தலையில் கொத்துகளும் வந்துவிடும். இந்த இனத்தில் ஆண்கள் மூன்று வகை. பெரும்பாலானவை கருமையோ செம்மையோ படர்ந்த வளையத்தோடு, பெண் பறவைகளைக் கவர ஆடும் களத்தில் இடம் பிடித்துச் சண்டை போடும். வெள்ளை வளையக்காரர்கள் சண்டையில்லாமல் அவற்றோடு ஒட்டி நிற்கும். மூன்றாவது வகைக்கு வளையமே வளராது, பெண்போலத் தோன்றியே உள்ளே புகுந்துவிடும். ஒரே குரோமோசோமில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியதிலிருந்து இந்த வேறுபாடு வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கருப்பு எட்டிப் பார்த்ததால் இது முதல் வகையாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் குறிப்பேட்டில் அதை வரைந்து, கறுப்பு வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள்.

வெயில் ஏறி, சேற்றின் மேல் காற்று நெளியத் தொடங்கியதும் தொலைநோக்கியில் எதுவும் தெளிவாக நிற்கவில்லை. திரும்பி நடக்கும்போது, "எப்ப திரும்பி வரும்?" என்று கேட்டாள். கூடு கட்டும் காலம் அங்கே மிகக் குறுகியது. ஜூலைக் கடைசியிலேயே வளர்ந்த பறவைகளில் முதலாவது கூட்டம் தெற்கே இறங்க ஆரம்பித்துவிடும், அப்போது இந்தச் சிவப்பு நைந்து மங்கியிருக்கும் என்றேன். குஞ்சுகளில் பல பிறகுதான் வரும், பெற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டிருப்பார்கள்.

"யார் வழி சொல்வாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. திசை அதுங்க உடம்புலேயே இருக்கும்."

ஜூலையில் தன்னையும் கூட்டிவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.