கிளாம்ப் போட்ட பிறகு

பெருந்தமனி வால்வு மாற்றுவதை ‘ஓப்பன் ஹார்ட்’ என்கிறோம். நெஞ்செலும்பைப் பிளந்து உள்ளே போனாலும், கத்தி படுவது இதயத்திலிருந்து பெருந்தமனி கிளம்பும் இடத்தில்தான். குடும்பத்தாருக்கு இதை ஒரு படம் வரைந்து காட்டிவிட்டால், அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் அவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின், உடல் எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட். ரத்தம் உறைய எடுக்கும் நேரமான ஏசிடி 480 விநாடியைத் தொட்ட பிறகே, இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் பம்ப்பை ஓட விடுவது வழக்கம். அதற்கு முன் ஓட்டினால் மெஷினுக்குள் ரத்தம் உறையும். பம்ப்பிலிருந்து ரத்தம் உடலுக்குத் திரும்பும் குழாயான கேனுலாவைப் போடும் முன் பெருந்தமனியை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கல் போலத் தட்டுப்படும் இடத்தில் குத்தினால் அங்கிருந்து பெயரும் துகள் மூளைக்குப் போகும்.

பெருந்தமனியைக் கவ்வி மூடும் கிளாம்ப் போட்டதும் இதயத்தை நிறுத்தும் கார்டியோபிளீஜியா திரவத்தைத் தர வேண்டும். வால்வு சுருங்கியிருந்தால் பெருந்தமனியின் வேர்ப் பகுதியிலேயே கொடுக்கலாம். கசியும் வால்வாக இருந்தால் அந்தத் திரவம் இதயத் தசைக்கு ரத்தம் தரும் கொரோனரி தமனிகளுக்குள் போகாமல் இதயத்தின் கீழறையான இடது வென்ட்ரிக்கிளில் இறங்கி அதை ஊதிவிடும். அப்போது பெருந்தமனியைத் திறந்து கொரோனரி வாய்களில் நேரடியாகவோ, இதயத்தின் சிரையான கொரோனரி சைனஸ் வழியாகப் பின்னோக்கியோ தருவார்கள்.

அடுத்தது வால்வில் படிந்திருக்கும் கால்சியம். மிக அதிகப் பொறுமை கேட்கும் இடம் இதுதான். இதழ்களை வெட்டி எடுத்த பின்னும் வளையத்தில் காய்ந்த சுண்ணாம்பு போல ஒட்டியிருக்கும். ராஞ்சர் என்ற கருவியால் கிள்ளும்போது பொடியாக உதிரும். உதவியாளரின் சக்‌ஷன் முனை ராஞ்சரை விட்டு அகலவே கூடாது. வென்ட்ரிக்கிளுக்குள் வைத்த காஸ் துண்டை எண்ணிக் கணக்கோடு வெளியே எடுத்து, குளிர்ந்த சலைனால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். குறைவாக எடுத்தால் புது வால்வின் ஓரத்தில் கசியும். ஆழமாகத் தோண்டினால் வளையமே கிழியும். வலது இதழும் கொரோனரி இல்லாத இதழும் சேரும் இடத்துக்குக் கீழே மின்கடத்தும் நார்க்கற்றை ஓடுகிறது. அங்கே தோண்டினாலோ, தையல் ஆழமாக இறங்கினாலோ துடிப்புக்கான மின்னோட்டம் தடைபடும் ஹார்ட் பிளாக் வரும். கிளாம்ப் நேரத்தைக் குறைக்கும் அவசரத்தை இந்த இடத்தில் மட்டும் காட்டவே கூடாது.

பிறகு, நூல் திசுவை அறுக்காதபடி சிறு துண்டு வைத்துப் போடும் பிளெட்ஜெட் தையல்கள் 12 முதல் 15 வரை. வளையத்தின் அளவு பார்க்கும் சைஸரை அழுத்தித் திணித்து ஒரு சைஸ் பெரிய வால்வுக்கு ஆசைப்படுவது ஆபத்து. வால்வு உட்கார்ந்ததும் இரு கொரோனரி வாய்களும் மறைக்கப்படாமல் தெரிகின்றனவா என்று பார்த்த பின்பே பெருந்தமனியை மூடலாம்.

மேலேறும் பெருந்தமனி 5.5 செ.மீ. அளவுக்கு வீங்கினால் பொதுவாக அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். பெருந்தமனிச் சுவரைப் பலவீனமாக்கும் மார்ஃபான் போன்ற நோய்களில் அதற்கும் முன்பே. வீங்கிய பெருந்தமனியையும் வால்வையும் சேர்த்து மாற்றும் பென்டால் முறையில் டேக்ரான் துணிக் குழாயும் வால்வும் சேர்ந்தே வரும். கொரோனரிகளைப் பொத்தான் போல வெட்டி அந்தக் குழாயில் தைப்பார்கள். பொத்தான் முறுக்கிக்கொண்டால் அந்தக் கொரோனரிக்கு ரத்தம் நின்றுவிடும்.

கிளாம்ப் எடுக்கும் முன் இதயத்துக்குள் புகுந்த காற்று வெளியேற வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு வலது கொரோனரி வாய் மேற்பக்கம் இருப்பதால், மிச்சக் குமிழி அங்கேதான் புகும். வலது வென்ட்ரிக்கிள் திடீரெனச் சோர்ந்தால் முதலில் காற்றைச் சந்தேகித்து, அழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பம்ப்பிலேயே காத்திருக்க வேண்டும்.

ஐசியூவில், நெஞ்சிலிருந்து ரத்தத்தை வடிக்கும் டிரெயினை மணிக்கொருமுறை அளப்பார்கள். நன்றாக வடிந்துகொண்டிருந்தது சட்டென நின்று, பிபி இறங்கி, மையச் சிரை அழுத்தமான சிவிபி ஏறினால் ரத்தக்கசிவு நின்றதாக நினைக்கக் கூடாது. குழாய் அடைத்து, ரத்தக்கட்டி இதயத்தை நெருக்குகிறது என்று கருதி, நெஞ்சைத் திரும்பத் திறக்க உடனே சர்ஜனை அழைக்க வேண்டும்.