லீவுக்கு வேலைக்குப் போன பசங்க ஜூன்ல திரும்பி வரணும்

எங்க திருப்பூர் பக்கம் ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பசங்க முழுப்பரீட்சை லீவுல பனியன் கம்பெனிக்கு கைமடிக்க, அதாவது டெய்லருக்கு துணி மடிச்சு குடுக்கற எடுபிடி வேலைக்கு, போறது சாதாரணம், சனிக்கிழமையானா சம்பளம் வந்துரும், அந்த காசுல வீட்ல குழு லோன் கட்டி பழகிட்டாங்கன்னா ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்போ "இந்த மாசம் மட்டும் போகட்டும் சார்"னு இழுப்பாங்க. அந்த ஒரு மாசத்துலதான் புள்ளைங்க கைவிட்டு போறாங்க.

பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கறதால இத கிட்ட இருந்து பாக்குறேன். காலை உணவு அஞ்சாவது வரைக்கும், யூனிஃபார்ம் எட்டாவது வரைக்கும், சைக்கிள் ப்ளஸ் ஒன்ல, புதுமைப்பெண் 1000 ரூபா காலேஜ் போனாத்தான். எல்லாமே நல்ல திட்டம், மனசார சொல்றேன். ஆனா புள்ளைங்க அதிகமா படிப்ப விட்டு நின்னுடற ஒன்பது பத்துல மதிய சாப்பாடு, புக்கு, பஸ் பாஸ் தாண்டி பெருசா பிடிச்சு வைக்க எதுவும் இல்ல. சட்டமும் அந்த வயசுலதான் கைய விடுது, கட்டாயக் கல்வி 14 வயசு வரைக்கும்தான், 14 தாண்டிட்டா ஆபத்தில்லாத வேலைக்கு போகலாம்னு 2016ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் சட்டமே சொல்லுது.

2023 மார்ச்ல ப்ளஸ் டூ தமிழ் பரீட்சைக்கு 50 ஆயிரம் பேருக்கு மேல வரலன்னதும் ஊரே அதிர்ச்சியாச்சு, ஆனா அதுல நிறைய பேர் எப்பவோ நின்னு போனவங்க, பேரு மட்டும் ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. பரீட்சை அன்னைக்கு தேடி என்ன பிரயோஜனம்? ஜூன் முதல் வாரமே பள்ளிக் குழுவுல இருக்கறவங்க, வராதவங்க லிஸ்ட்ட எடுத்துக்கிட்டு வீட்டுக்கு போகணும், அதுவும் சாயங்காலம் ஷிப்ட் விட்டு வர்ற நேரத்துல, கிளாஸ் டீச்சரும் கூட வந்தா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

பத்தாவதுல ஃபெயிலான வீட்டுக்கு ரிசல்ட் வந்த அன்னைக்கே போங்க. கணக்குல போச்சுன்னா படிப்பே முடிஞ்சுதுன்னு நெனச்சு அழுதுட்டு இருப்பாங்க, துணைத்தேர்வு எழுதி பாஸ் பண்ணா அதே வருஷம் ப்ளஸ் ஒன் சேரலாம்னு பல வீட்டுக்கு தெரியறதே இல்ல. படிப்பு சுத்தமா ஏறலன்னு அடம் பிடிக்கிற பையனுக்கும் வழி இருக்கு, அரசு ஐடிஐல வெல்டர், வயர்மேன் ட்ரேடுக்கு எட்டாவது பாஸ் போதும், மாசம் 750 ரூபா உதவித்தொகையும் உண்டு. டிசிய மட்டும் வாங்கிட்டு கம்பெனிக்கு போயிடாதீங்கன்னு அப்பா அம்மா ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொல்லுங்க.