பெரியம்மாவின் இறப்பு கொரோனாக் கணக்கில் சேர்ந்த கதை

கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு கொடுத்த 50,000 ரூபாயை எங்கள் பெரியப்பாவுக்கு எப்படி வாங்கினோம் என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இனி இதைப் படித்து யாருக்கும் பணம் வரப்போவதில்லை. ஆனாலும் ஒரு சாவுக்குக் காரணம் என்ன என்பதை எந்தக் காகிதத்தில், யார், எப்படி எழுதுகிறார்கள் என்பது அந்த அலைச்சலில்தான் எனக்குத் தெரியவந்தது. அது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

பெரியம்மாவுக்குத் தொற்று வந்தது 2021 மே மாதம். ஆக்சிஜன் படுக்கைக்காக ஊரே ஓடிக்கொண்டிருந்த நேரம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளி வேறு. ஆர்டிபிசிஆர் என்ற கொரோனாப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்ததும் ஒரு தனியார் மருத்துவமனையில் இடம் பிடித்துச் சேர்த்தோம். இரண்டு வாரம் கழித்து எடுத்த டெஸ்டில் நெகட்டிவ். கோவிட் வார்டிலிருந்து சாதாரண ஐசியூவுக்கு மாற்றினார்கள். நுரையீரல் மட்டும் தேறவே இல்லை, ஆக்சிஜனைக் குறைத்தால் உடனே மூச்சு வாங்கியது. பாசிட்டிவ் வந்த நான்காவது வாரத்தில் போய்விட்டார். "நெகட்டிவ் வந்தவங்கதானே, பாடியை நீங்களே எடுத்துட்டுப் போகலாம்" என்றார்கள். அன்றைக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

உதவித்தொகைப் பேச்சு பிறகுதான் வந்தது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் தர நெறிமுறை வகுக்கச் சொல்லி 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஆணையம் 50,000 ரூபாய் என்று முடிவு செய்தது. அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. "அவ போனதுக்குக் காசு வாங்கணுமாடா?" என்று பெரியப்பா முதலில் மறுத்தார். மருத்துவமனை பில்லுக்காக அடகு வைத்த வளையல்களின் வட்டிச் சீட்டை அண்ணி எடுத்து முன்னால் வைத்தபிறகு, "சரி, என்னமோ பண்ணுங்க" என்றார்.

முதலில் இறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். பெயர், தேதி, இடம் எல்லாம் இருந்தன. இறப்புக்கான காரணத்தைக் காணோம். நகராட்சி எழுத்தர் பொறுமையானவர். "எந்தச் சர்டிஃபிகேட்லயும் இருக்காது தம்பி. சட்டமே அப்படித்தான்" என்றார். உண்மைதான். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, யாருக்குத் தரும் நகலிலும் காரணத்தைக் காட்டக் கூடாது என்கிறது. பதிவேட்டில் இருக்கும், நம் கைக்கு வராது. காரணம் எழுதியிருப்பது படிவம் 4 என்ற தனித் தாளில். மருத்துவமனையில் இறந்தால் அங்கே பார்த்த மருத்துவர் அதை நிரப்பிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் இறந்தவர்களுக்குப் படிவம் 4ஏ.

மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் அதன் நகல் கேட்டபோது, யாரோ சொத்துப் பத்திரத்தைக் கேட்டதுபோலப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்து, மேலாளரைப் பார்த்து, மறுபடி போய் நின்று, ஒருவழியாக வாங்கினோம். ஒரே பக்கம். முதல் பகுதியில் மூன்று வரிகள்: உடனடிக் காரணம், அதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மூல காரணம். முதல் வரியில் நீல மையில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்'. அடுத்ததில் 'நிமோனியா'. மூன்றாவது காலி. உடனிருந்த மற்ற நோய்களுக்கான இரண்டாம் பகுதியில் 'சர்க்கரை நோய்'. கோவிட் என்ற சொல் தாளில் எங்குமே இல்லை. இதயமும் மூச்சும் நிற்பது செத்துப்போகும் எல்லோருக்கும் நடப்பதுதானே, அது எப்படிக் காரணமாகும்? 'நோயை எழுதுக, சாகும் விதத்தை எழுத வேண்டாம்' என்று அந்தப் படிவத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அதற்கு நேராகத்தான் இப்படி எழுதியிருந்தார்கள்.

பெரியம்மாவைப் பார்த்த மருத்துவரைச் சந்தித்தோம். இளைஞர். "நெகட்டிவ் வந்ததுக்கு அப்புறம் இறந்தாங்க சார். அதை எப்படி கோவிட்னு எழுதறது?" என்றார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த நாட்களில் பல இடங்களில் இதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே தெளிவாகச் சொல்லியிருந்தது: நோய்க்கும் சாவுக்கும் நடுவில் முழுதாகக் குணமாகியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். டெஸ்ட் நெகட்டிவ் ஆவது வேறு, குணமாவது வேறு. பெரியம்மா ஒரு நாள்கூட ஆக்சிஜன் இல்லாமல் இருக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது 2021 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகமும் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல். பாசிட்டிவ் ஆன நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும், அது கோவிட் இறப்பு. தொடர்ந்து மருத்துவமனையிலேயே இருந்து 30 நாள் கடந்து இறந்திருந்தாலும் அப்படியே. விஷம், கொலை, விபத்து போன்ற சாவுகள் மட்டும் சேராது. இந்த 30 நாள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். இறப்புகளில் 95 சதவீதம் பாசிட்டிவ் வந்து 25 நாளுக்குள் நடந்துவிடுகின்றன என்று ஐசிஎம்ஆர் ஆய்வு காட்டியிருக்கிறது. யாரும் விடுபடாமல் இருக்க அதைக் கொஞ்சம் நீட்டி 30 என்று வைத்திருக்கிறார்கள். ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரையின் எண் எங்கள் வீட்டு விஷயத்தைத் தீர்மானிக்கப்போகிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

இணையத்தில் விண்ணப்பித்தோம். வாரிசு சான்றிதழுக்காக வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நடந்த நடை தனிக் கதை, வாரிசு சான்றிதழ் வாங்கிய எவரும் அதைச் சொல்லுவார்கள். டெஸ்டுக்கு மாதிரி கொடுக்கும்போது தரும் அடையாள எண்ணான எஸ்ஆர்எஃப் எண்தான் முக்கியம், ரிப்போர்ட்டிலும் குறுஞ்செய்தியிலும் அது இருக்கும். அண்ணன் அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முதலில் விண்ணப்பம் திரும்பி வந்தது: காரணம் கோவிட் என்று இல்லையாம். கோவிட் என்று எழுதவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்த வரியைச் சுட்டிக்காட்டி, மாவட்டக் குழுவுக்கு முறையிட்டோம். வருவாய்த் துறையும் மருத்துவர்களும் சேர்ந்த குழு அது. பாசிட்டிவ் ரிப்போர்ட், சிடி ஸ்கேன், மருத்துவமனையின் இறப்புச் சுருக்கம் மூன்றையும் தேதிவாரியாக அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி வைத்தேன். அங்கிருந்த மருத்துவர் ஒருவர் இரண்டு தேதிகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, விரல்விட்டு எண்ணினார். "உள்ளதான் வருது" என்றார். வேறு கேள்வியே இல்லை.

கணக்கில் விட்டுப்போவது புதிதும் இல்லை. 2020 ஜூலையில் சென்னையின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபிறகு 444 இறப்புகளைத் தமிழக அரசே ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தது. நாடு முழுக்க 2021 முடிய அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம், கொரோனாவால் நேரடியாகவும் மறைமுகமாகவும் கூடுதலாக நடந்த இறப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது 47 லட்சம். அந்த மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? மூன்றாவது வரி காலியாக இருக்கும் படிவங்கள் எத்தனை இருக்கும் என்று மட்டும் யோசிப்பேன்.

பணம் பெரியப்பாவின் ஆதார் இணைத்த கணக்குக்கே வந்தது. வளையல்களில் இரண்டை மீட்டோம். பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, இறப்புக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் மருத்துவமனை கொடுக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது. எந்த நோயில் யார் இறந்தாலும், பில் கட்டும்போதே அதைக் கேட்டு வாங்கி மூன்று வரிகளையும் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் எழுதிய மருத்துவர் பணியில் இருக்கும்போதே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அவர் வேறு ஊரில் இருப்பார்.