ஒரே திராட்சை, இரண்டு ஊர்: சிவப்பு ஒயினில் மிளகு தேடிய கதை

இந்த முறை இரண்டு போத்தலிலும் ஒரே திராட்சை, சிரா. ஒன்று பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த குரோஸ் எர்மிடாஜ். மற்றது ஆஸ்திரேலியாவின் பரோசா. அங்கே இதே திராட்சைக்குப் பெயர் ஷிராஸ். விளைந்த ஆண்டும் ஒன்றாகவே பார்த்து மலேசியாவின் ஈப்போவில் வாங்கி வந்தேன். ரகமும் ஆண்டும் மாறாதபோது, நாக்கில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இடத்தினுடையது. மிச்சம் ஒயின் செய்தவரின் கைப்பக்குவம்.

சுங்கை சிப்புட் வெக்கையில் சிவப்பு ஒயினை அப்படியே திறந்தால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். 16 முதல் 18 டிகிரி வரைதான் அதற்கு ஏற்ற சூடு. அதனால் இரண்டையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஐஸ்பெட்டியில் வைத்தேன். அப்புறம் நாளிதழில் சுற்றி, எது எது என்று தெரியாதபடி மனைவியை ஊற்றச் சொன்னேன்.

முதல் குவளையில் கறுப்புப் பழங்களைச் சர்க்கரையில் காய்ச்சிய மணம். வாய் நிறையக் கனம், தொண்டையில் இளஞ்சூடு. இரண்டாவது மெலிந்தது, புளிப்பு தூக்கலானது. அதில்தான் மிளகு இருந்தது. சந்தேகம் தீர, சமையலறையிலிருந்து கறுப்பு மிளகை எடுத்து இடித்துப் பக்கத்தில் வைத்து மாறி மாறி முகர்ந்தேன். அதே வாசனை!

இது கற்பனை இல்லை. ரொட்டன்டோன் என்ற சேர்மம்தான் மிளகு, ஒயின் இரண்டிலும் மணக்கிறது. சிராவின் மிளகு மணத்துக்கு அதுவே காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள். அது திராட்சையின் தோலில் சேர்கிறது. குளிர்ந்த இடத்தில், நிழல் விழும் குலைகளில் அதிகம் சேர்கிறது. விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் பகுதியில் ஒரே தோட்டத்துக்குள்ளேயே சில இடங்களில் கூடுதலாகவும் சில இடங்களில் குறைவாகவும் இருப்பதை அளந்திருக்கிறார்கள். ஒரே வேலிக்குள் சரிவு திரும்பினால் மணம் மாறுகிறது! இந்த விஷயம் என்னை விடவே இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணனையும் கூப்பிட்டிருந்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்தவர், மூக்கு நல்ல கூர்மை. “தம்பி, எனக்கு மிளகும் தெரியல, ஒண்ணும் தெரியலப்பா” என்றார். அவர் மூக்கில் குறை இல்லை. அந்த 2008 ஆய்விலேயே ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவில்லை. ஆனால் எது வெயில் ஊர்ச் சரக்கு என்று அவர் உடனே சொல்லிவிட்டார்: “இதுல புளிப்பு செத்துப் போச்சு.”

சரியாகத்தான் சொன்னார். வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும், அதுவே பிறகு சாராயமாகும். பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலமோ சூட்டில் கரைந்துகொண்டே போகும். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தபோது சாராய அளவு பரோசாவில் 14.5 சதவீதம், குரோஸ் எர்மிடாஜில் 13.

மண்ணைப் பற்றி நிறையப் பேச்சு உண்டு. கல்லின் சுவை அப்படியே குவளைக்கு வருகிறது என்பதை நான் ஏற்கவில்லை. மண் வேலை செய்வது தண்ணீர் வழியாகவும் சூடு வழியாகவும்தான். பிரான்சில் போர்தோவின் மெடோக் பகுதியில் கூழாங்கல் நிலம் நீரை வடித்து வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், தாமதமாகப் பழுக்கும் கபர்நே சோவினியோன் அங்கே தேறுகிறது. ஆற்றுக்கு அக்கரையில் களிமண் குளிர்ச்சியானது. அங்கே முந்திப் பழுக்கும் மெர்லோ.

சுற்றியுள்ள மரமும் கணக்கில் வரும். ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் சிலவற்றில் தைல மணம் அடிக்கும். தோட்டத்தின் ஓரம் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் எண்ணெய் காற்றில் வந்து பழத்தோலில் படிவதுதான் காரணம். மரத்துக்கு அருகிலுள்ள வரிசைகளில் அது கூடுதல். அறுவடையில் இலை கலந்துவிட்டால் இன்னும் கூடும். சிவப்பு ஒயின் தோலோடு நொதிப்பதால் அதில்தான் பளிச்சென்று தெரிகிறது.

அடுத்தது மால்பெக். பிரான்சின் காஓர் பகுதியில் பேர் பெற்ற ரகம், இப்போது அர்ஜென்டினாவின் மெண்டோசாவில்தான் அதிகம். அங்கே ஊக்கோ பள்ளத்தாக்கில் 1,000 மீட்டருக்கு மேலேயும் பயிரிடுகிறார்கள். மழை குறைவு, ஆண்டிஸ் மலையில் பனி உருகி வரும் நீர்தான் பாசனம். உயரத்தில் இரவு குளிர்வதால் புளிப்பு நிற்கும். புற ஊதாக் கதிர் கூடுதலாக விழுவதால் தோல் தடித்து நிறம் அடர்த்தியாகும். மெண்டோசா போத்தல் கையில் இருக்கிறது. காஓர்தான் கிடைக்கவில்லை. அண்ணன் மகன் கோலாலம்பூரிலிருந்து வரும்போது தேடி எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.