எந்த வருஷத்துக் கோடு?

"இந்தத் தாளை யாரெல்லாம் பார்ப்பாங்க?" என்று, நான் வரையவந்த மேய்ச்சல் வரைபடத்தைப் பற்றி ஊர்த்தலைவரான கோபா கேட்டார். மேய்ச்சலுக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் பார்ப்பார்கள் என்றேன். கூட வந்த பையன் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டார். "அப்ப குளிர்கால இடத்தைப் போடாத, நோனோ (தம்பி). பணம் குடுக்கிறவன் அடுத்ததா நிலம் யாருதுன்னு கேப்பான்."

நான் போடவில்லை. அது சரிதானா என்று இன்றுவரை மனசு ஒரு நிலைக்கு வரவில்லை.

லடாக்கில் கோர்சோக் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். 4,500 மீட்டருக்கு மேல், த்சோ மோரிரி ஏரிக்கரையில் இருக்கும் ஊர். கோடையில் சாங்பா என்னும் நாடோடி மேய்ப்பர் குடும்பங்கள் ஆடுகளை மேலே பள்ளத்தாக்குகளுக்கு ஓட்டிப் போய்விடும். குளிர்காலத்துக்கென்று ஒதுக்கிய சரிவுகளில் அதுவரை மந்தை இறங்கக் கூடாது, இறங்கினால் தண்டம். காற்று பனியை வாரிக்கொண்டு போவதால் புல் தலைகாட்டும் சரிவுகள் அவை. யார் எங்கே மேய்ப்பது என்பதை அந்த வருஷத்துப் பனி, தண்ணீர், மந்தையின் அளவு எல்லாம் பார்த்து கோபாவும் ஊர்ப் பெரியவர்களும் முடிவு செய்வார்கள். என் மென்பொருளுக்கு இதெல்லாம் வேண்டாம். அதற்கு வேண்டியது மூடிய பாலிகன். தொடங்கிய புள்ளியிலேயே கோடு வந்து முடிய வேண்டும், அவ்வளவுதான்.

எல்லையைக் காட்டுங்கள் மேமே-லே (தாத்தா) என்று முதலில் கேட்டபோது, "எந்த வருஷத்துக் கோடு வேணும்?" என்றார். போன வருஷத்தது என்றேன். "போன வருஷம் போயிடுச்சே." கூடாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உப்புத் தேநீரைக் குடித்தேன். பதில் தெரியாத நேரங்களில் அந்தக் கோப்பை பெரிய துணை.

அலுவலகத்தில் என் வாதம் எடுபட்டது. ஊர் சம்மதிக்காத தரவைச் சேர்ப்பது முறையல்ல என்றேன். எல்லைக்கு அப்பால் திபெத்தில் நடந்ததையும் சொன்னேன். அதே சாங்தாங் மேட்டுநிலம்தான், அதே ஆடும் யாக்கும்தான். 1985-இல் சீனா புல்வெளிச் சட்டம் கொண்டுவந்த பிறகு மேய்ச்சல் நிலம் மெல்ல மெல்லக் குடும்பங்களுக்கும் குழுக்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பல இடங்களில் கம்பி வேலி வந்தது. வேலிக்கு முன்னால் யாரோ ஒருவர் தாளில் கோடு போட்டிருப்பார் அல்லவா? நியிமா வட்டத்தில் ரோங்மா என்ற மேய்ச்சல் ஊரை 2018-இல் மொத்தமாகக் கிளப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை லாசாவுக்கு அருகே குடிவைத்தார்கள். வனவிலங்குகளுக்கு இடம், மக்களுக்கு நல்வாழ்வு என்று காரணம் சொன்னார்கள். அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். அத்தனை உயரத்தில் மூட்டுவலியோடு மூச்சிரைக்கிறவரிடம் மரபின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது. இந்தப் பக்கத்தில் யாரும் உத்தரவு போடாமலே கர்னக் பகுதி மேய்ப்பர் குடும்பங்களில் பெரும்பாலானவை லே நகருக்கு அருகே வந்து தங்கிவிட்டன.

அதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. 2023 அக்டோபரில், லடாக்கின் 13 ஜிகாவாட் மின்சாரத்தை ஹரியானாவின் கைத்தல் வரை கொண்டுபோகும் மின்தடத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சூரியத் தகடுகளுக்குப் பார்த்திருந்த இடம் பாங் சமவெளி. அது ரூப்ஷு, கர்னக் மந்தைகள் மேயும் பக்கம். எங்கள் வரைபடம் அங்கே எட்டவே இல்லை. ஆகவே நான் செய்ததற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இதை எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

ஆனாலும் அன்று எங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான் விட்ட சரிவுகள் வெறுமையாகக்கூட இல்லை. அடியில் இருந்த செயற்கைக்கோள் அடுக்கு அவற்றைத் தரிசு என்று நிரப்பியிருந்தது. ஓடையோரச் சதுப்புப் புல் அதற்குப் பச்சையாகத் தெரியும். சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் தூர்கள் வெறும் மண்ணாகத்தான் தெரியும். தை, மாசிக் குளிரில் ஆடுகளை உயிரோடு வைத்திருப்பவை அந்தத் தூர்கள். இதையெல்லாம் அறிக்கையில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பத்தியை எடுத்துப் போவதில்லை.

புள்ளிக்கோடாகப் போட்டு, 'ஆண்டுதோறும் மாறும்' என்று குறிப்பு எழுதியிருக்கலாமே என்கிறார் கூட வேலை பார்த்த நண்பர். எழுதியிருக்கலாம். அடுத்தவர் நகலெடுக்கும்போது புள்ளிகள் சேர்ந்து முழுக்கோடாகிவிடும், குறிப்பு உதிர்ந்துவிடும். இந்தத் தொழிலில் அது அன்றாடம் நடப்பது. இப்படிச் சொல்லும்போதே, அது எனக்கு வசதியான பதில் என்பதும் தெரிகிறது. அந்தச் சரிவுகளைச் சரியாக அளக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் போய் நடந்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் யாருக்கும் அந்த ஆசை இருக்கவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அன்று கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது, கழுத்தோடு கழுத்து கோர்த்து எதிரெதிர் வரிசையாகக் கட்டிய ஆடுகளை ஒரு பெண் கறந்துகொண்டிருந்தார். சின்ன மந்தை. உள்ளே பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "கோடு போட்டா எங்க பங்கை யாரும் மாத்த முடியாது, இல்ல?" என்று பையனிடம் கேட்டார். பையன் அதை எனக்குச் சொன்னது ஜீப்பில் ஏறிய பிறகுதான். கோபா சொன்னதை ஊரே சொன்னதாக அறிக்கையில் எழுதியவன் நான். அதை மாற்றவும் தோன்றவில்லை. ஊருக்காகப் பேச ஊர் வைத்த ஆள் அவர்தானே. ஒரு பெண்ணின் கேள்வியை வைத்துக்கொண்டு அவரை மீறியிருந்தால், அதுவும் வெளியூர்க்காரன் செய்கிற வேலையாகத்தான் இருந்திருக்கும்.

கோபா பொறுப்பு கைமாறிக்கொண்டே இருப்பது. இப்போது இருப்பவர் வேறு மாதிரி நினைக்கலாம். மறுபடியும் போய், இந்த முறை சிறு மந்தைக்காரர்களையும் உட்காரவைத்துக் கேட்கலாமா என்று திட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். அந்த வரைபடத்தின் நிதிக்கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது, புதிய முன்மொழிவு அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. படிவத்தின் முதல் கட்டத்தில் நிலத்தின் உரிமையாளர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்.